பெயரோடு போகும் பாட்டு

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலும் சுற்று ஊர்களிலும் என் பாட்டுகளை அதிகம் எடுத்துப் போகிறவர்கள் கல்யாண வீடியோ எடுக்கும் பொடியன்மார். பின்னணியில் சினிமாப் பாட்டைப் போட்டு வீடியோவை இணையத்தில் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே சத்தம் அறுந்துபோகும், சில வேளை வீடியோவே காணாமற் போகும். மாப்பிள்ளையின் காக்காமார் கட்டாரிலும் ரியாதிலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். யாரும் வந்து வழக்குப் பேசாத பாட்டு வேண்டும் என்ற அவசரம் அந்த வீடியோப் பொடியன்மாருக்குத்தான் முதலில் வந்தது. நான் பாட்டைத் திறந்த உரிமத்தில் விடுகிறேன் என்ற செய்தி ரசிகர் மத்தியில் பரவியதைவிட அவர்கள் மத்தியில் வேகமாகப் பரவியது.

அவர்களால்தான் என் வேலை முறையும் மாறியது. இப்போது ஒவ்வொரு பாட்டையும் மூன்று வடிவத்தில் வெளியிடுகிறேன். ஹார்மோனியமும் கீபோட்டும் சேர்ந்த முழுப் பாட்டு ஒன்று. குரலும் றபான் என்ற கைப்பறையும் மட்டும் உள்ளது இன்னொன்று. வெறும் குரல் மட்டும் மூன்றாவது. இசைக் கருவிகள் பற்றி எங்கள் ஊர்களில் ஒரே அபிப்பிராயம் இல்லை. ஒரு வீட்டில் எல்லாம் சம்மதம், அடுத்த வீட்டில் றபானோடு நிறுத்துங்கள் என்பார்கள், அதற்கடுத்த வீட்டில் அதுவும் வேண்டாம். மூன்று வீட்டுக்கும் மரியாதையாகப் பாட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். பாட்டைத் தடம் தடமாகப் பிரித்து, குரல் வேறு, றபான் வேறு, ஹார்மோனியம் வேறு என்று கொடுத்துவிட்டால் எடுப்பவர் தன் வீட்டுக்குத் தக்கபடி அமைத்துக்கொள்வார். வெளிநாட்டுக் கலைஞர்கள் மறுகலவை செய்யட்டும் என்று தடங்களைத் திறந்துவிடுவார்கள். இங்கே அதே காரியம் மனச்சாட்சிக்கு இடம்விடும் வழியாக இருக்கிறது.

நான் போடும் திறந்த உரிமம் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அமைப்பினுடையது. அந்த அமைப்பு அமெரிக்காவில் 2001இல் தொடங்கியது. அதன் முதல் உரிமங்கள் 2002 டிசம்பரில் வந்தன. நான் பயன்படுத்தும் நாலாம் பதிப்பு 2013இல் வந்தது. சட்டம் ஒரு படைப்பு பிறந்த கணத்திலேயே எல்லா உரிமையையும் படைத்தவர் கையில் பூட்டி வைத்துவிடுகிறது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்தப் பூட்டு அவர் வாழும் காலமும், இறந்து 70 ஆண்டும் இருக்கும். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு பாட்டை ஏற்றினால், அதைக் கேட்டு ரசிக்கலாமே தவிர, வீடியோ எடுப்பவர் ஒருவர் அதைத் தன் வீடியோவில் போடுவதற்கும் என்னிடம் எழுதிக் கேட்க வேண்டும். உரிமம் என்பது அந்த அனுமதியை முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுவது. எடுங்கள், பாடுங்கள், மாற்றுங்கள், விற்றாலும் விற்றுக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் போடுங்கள் என்று சொல்லலாம். அதனோடு ஒரு நிபந்தனை சேர்த்து, மாற்றி எடுத்ததையும் இதே போலத் திறந்தே விட வேண்டும் என்றும் சொல்லலாம். வியாபாரத்துக்கு வேண்டாம் என்றோ, மாற்றவே வேண்டாம் என்றோ இறுக்கவும் இடமுண்டு. என் சொந்த மெட்டுகளுக்கு நான் போடுவது பெயர் சுட்டி, அதேபோல் பகிரும் உரிமம்.

இதெல்லாம் ஒரு மாலையில் படித்துவிடக்கூடிய விஷயம். இந்தத் தொழிலில் எனக்கு ஆண்டுக்கணக்காக வேலை வாங்கியது வேறு. ஒரு பாட்டைக் கேட்பவருக்குத் தடையில்லாமல் கொடுக்க வேண்டுமானால், அதற்கு முன் அந்தப் பாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டு முடித்திருக்க வேண்டும். திறந்த இசை என்பதை ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவதாக நினைப்பவர்கள் இந்தப் பகுதியைப் பார்ப்பதில்லை.

எங்கள் கரையின் பாட்டு பெரும்பாலும் ஆள் பெயர் இல்லாதது. வயற்காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் இரவில் ஒருவருக்கொருவர் பாடிய கவிகள், சூடு மிதிக்கும் களத்தில் பாடிய பொலிப்பாட்டு, பிள்ளையை ஏணையில் போட்டு மூத்தம்மாமார் பாடிய தாலாட்டு, பொல்லடி, களிகம்பு ஆட்டங்களுக்கான பாட்டு, நோன்பு இரவில் சஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாக்களின் பைத். கடற்கரைப் பள்ளியில் கொடியேறும் நாட்களில் கல்முனைக்குடியில் றபான் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலை விளக்கத் தேவையில்லை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு பொலிப்பாட்டுக்குக் களமே இல்லாமற் போனது. மெஷின் ஒரு வரவையை முடித்துவிட்டுப் போகும் நேரத்துக்குள் மாட்டுக்கு ஒரு பாட்டும் பாடி முடிக்க முடியாது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் வீடு வீடாகத் தேடி இந்தப் பாட்டுகளின் சொற்களைப் புத்தகமாக்கினார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் எனக்கு வழியே தெரிந்திருக்காது. ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கிறது, இழுப்பு இல்லை. கவி பாடும்போது இரண்டாம் அடியின் கடைசியில் குரல் எங்கே தங்குகிறது, மூச்சு எங்கே முறிகிறது என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பாட்டுகள் யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை, ஆகவே நான் எடுத்து என் பெயரில் உரிமம் போடலாம் என்று சில இளைஞர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கென்று தனியாக இருக்கிறது. அவற்றை அவற்றின் வழக்கமான சூழலுக்கு வெளியே, அல்லது வணிகத்துக்காக எடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியிடும்போது எந்தச் சமூகத்தில், எந்த இடத்தில் இருந்து வந்தது என்று மூலத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவை முதலில் வாசித்தபோது எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. ஆள் பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெயரைச் சொல் என்று சட்டமே கேட்கிறது. அன்றிலிருந்து என் பதிவுகளின் தலைப்பில் ஊர் இல்லாமல் ஒன்றுகூட வெளியே போனதில்லை. மெட்டு சம்மாந்துறையில் பாடப்பட்டது என்றால் சம்மாந்துறை, மருதமுனை என்றால் மருதமுனை. என் உரிமம் என் ஒலிப்பதிவுக்கும் என் அமைப்புக்கும் மட்டும்தான். பாட்டு அந்த ஊருடையது என்று கூடவே எழுதுகிறேன்.

ஒரு பொல்லடிக் குழுவைப் பதிவு செய்யப் போனதைச் சொல்கிறேன். ஆட்டக்காரர் பலர், எல்லோருக்கும் தலைவர் அண்ணாவியார். சட்டப்படி பாடியவர்கள், ஆடிப் பொல்லுத் தட்டியவர்கள் எல்லோருக்கும் ஆற்றுகையாளர் உரிமை உண்டு, ஒலிப்பதிவு செய்தவனுக்கு அந்தப் பதிவில் வேறு உரிமை உண்டு. நான் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிய தாளைக் கொண்டுபோயிருந்தேன். பாட்டின் பெயர், ஊர், பெயர் போடலாமா, எப்படிப் போடுவது, எந்த உரிமம், அது என்ன செய்ய விடும், திரும்பப் பெற முடியாது என்பது. அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அண்ணாவியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத ஆரும் எடுத்துப் பாடலாம் எண்டா, அவன் தன்ட பாட்டெண்டு சொல்லிக் காசு வாங்கினா என்ன செய்ற தம்பி?” என்று கேட்டார்.

“காசு வாங்கலாம் அண்ணாவியார். உங்கட பேரையும் ஊரையும் மறைக்க ஏலா. மாத்திப் பாடினா அதையும் மத்தவனுக்கு இதே மாதிரித் திறந்துதான் விடணும்.”

“பிறகு நான் வேணாம் எண்டு சொன்னா?”

“இனி எடுக்கப் போறவங்களுக்கு நான் குடுக்காம விடலாம். எடுத்து வெச்சிருக்கிறவங்கட கையில இருந்து புடுங்க ஏலா.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப வக்புக் காணி மாதிரி எண்டு சொல்லு. குடுத்தவர் சொன்ன நிபந்தனையும் நிக்கும், குடுத்ததும் திரும்பாது.”

நான் எத்தனையோ நாள் தேடிய விளக்கத்தை அவர் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டார். 1956ஆம் ஆண்டு வக்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, பள்ளிவாசல்களைச் சுற்றி, இறைவழியில் நிரந்தரமாக எழுதிக்கொடுத்த வக்புச் சொத்து இருக்கிறது, ஊரில் எந்த வயதினருக்கும் அது புரியும். கொடுத்தவர் மௌத்தான பிறகும் கொடுத்தவருடைய சொல் நிற்கும். அதன்பின் பெரியவர்களிடம் பேசும்போது இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஆனால் தாளில் அந்தச் சொல்லை எழுதுவதில்லை. வக்பு மார்க்கச் சட்டத்தின் ஒரு பகுதி, அதைப் பாட்டுக்கு இழுக்காதீர்கள் என்று எனக்குத் தெரிந்த மௌலவி ஒருவர் சொன்னார், அவர் சொன்னது சரி. விளக்குவதற்குப் பேசலாம், ஆவணத்தில் வைக்கக் கூடாது.

பெண்களின் பாட்டு இதைவிட நுட்பமானது. தாலாட்டும், கல்யாண வீட்டுப் பாட்டும் குரவையும் அவர்களிடம்தான் இருக்கின்றன. சாய்ந்தமருதில் ஒரு மூத்தம்மா, பேத்தியின் பிள்ளைக்குப் பாடும் தாலாட்டை என்னைப் பதிவு செய்ய விட்டார். வெளியிடலாமா என்று கேட்டதற்கு, “என்ட குரல வெளியால விடாதீங்க மனே, பாட்ட விடுங்க” என்றார். பதிவை அந்த வீட்டாரிடமே கொடுத்துவிட்டு, சொல்லையும் மெட்டையும் படித்துக்கொண்டு வந்து நானே பாடினேன். என் குரலில் அது பாதி அழகுதான். ஏணைக் கயிற்றின் ஆட்டம் அவர் தாளத்தில் இருந்தது, என்னிடம் வரவில்லை. இருந்தாலும் அவர் வைத்த எல்லை அதுதான். இன்னொரு வீட்டில் ஒரு மாமி குரலை விடச் சம்மதித்தார், பெயர் வேண்டாம் என்றார். அதற்கு உரிமத்தில் நல்ல வழி இருக்கிறது. எந்தப் பெயரைச் சுட்ட வேண்டும் என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கலாம், புனைபெயர் வைக்கலாம். அந்தப் பாட்டு அவருடைய ஊர்ப் பெயரோடு மட்டும் போகிறது. கலைத் தொண்டு, ஆவணப்படுத்தல் என்று பெரிய வார்த்தைகளைச் சொல்லி இந்தச் சம்மதங்களை மிதித்துக்கொண்டு போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அப்படி எடுத்த பதிவு எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் அது திறந்த இசை ஆகாது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் கொடுக்க வேண்டும், வீட்டில் பத்திரமாக வைத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. 2004 டிசம்பர் 26. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர வீடுகளைக் கடல் எடுத்துக்கொண்டு போனபோது, மனிதர்களோடு அவர்களுடைய அலுமாரிகளும் போயின. அலுமாரிகளில் கசெட்டுகள் இருந்தன. என் சாச்சா சேர்த்து வைத்திருந்த கவிப் பதிவுகள், மீலாத் விழாப் போட்டிப் பாட்டுகள், பைத் எல்லாம் அவற்றில் இருந்தன. மனித உயிர்கள் போன இடத்தில் கசெட்டைப் பற்றி வாய் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, அவற்றுள் சில சவூதியில் ஒரு பெட்டிக்குள் இருப்பது. அந்தக் காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்களுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள், மிச்சமிருக்கும் பக்கத்தில் பாட்டும் நிரப்பி அனுப்புவார்கள். பாட்டு இருந்த வீடு போய்விட்டது, பிரதி போன வீடு இருந்தது. அனுமதி கேட்டா பிரதி எடுத்தார்கள்? இல்லை. பாசத்தில் எடுத்தார்கள். அந்தப் பாசத்துக்கு ஒரு சட்ட வழி செய்து வைப்பதுதான் நான் செய்யும் வேலை. இன்று ஒரு பாட்டை வெளியிடும்போது இணைய ஆவணக் காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி, உரிமம் இடம் தரும் பாட்டானால் விக்கிமீடியா கொமன்ஸில் ஒன்று என்று வைக்கிறேன். இலங்கைத் தமிழ் எழுத்துக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் செய்துவருவதைப் பார்த்த பிறகு, ஒலிக்கும் அதே கவனம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

விக்கிமீடியா பற்றி ஒரு குறிப்பு. வணிகம் கூடாது, மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ள கோப்புகளை அது ஏற்பதில்லை. பெயர் சுட்டல், அதேபோல் பகிர்தல் இரண்டும் ஏற்கப்படும். இறைபுகழ்ப் பாட்டு ஒன்றைக் கொடுத்த பெரியவர், அதைத் துண்டு போட்டு வேறெதற்கும் சேர்க்கக் கூடாது என்றார். அதற்கு மாற்றாமை உரிமம் போட்டேன், ஆகவே அது அங்கே போகாது. போகாவிட்டால் பரவாயில்லை.

பதிவு செய்யும் விதத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி கடல். வாடைக்காற்றுக் காலத்தில் அலைச் சத்தம் பிரதான வீதி வரை வரும், கச்சான் காலத்தில் தகரமும் ஓலையும் அடிக்கும். காகம், ஓட்டோ, மீன்காரரின் ஹோர்ன். பாங்கு நேரம் எல்லாப் பள்ளியிலும் ஒரே கணத்தில் தொடங்காது, ஒன்று முடிய ஒன்று என்று போகும். அவ்வளவு நேரமும் மைக்கை மூடிவிட்டு இருக்க வேண்டும், அந்த இடைவெளி பாடுகிறவருக்கும் நல்லது. இஷாவுக்குப் பிறகு, கிழக்குப் பக்க ஜன்னலை அடைத்து, மெத்தையைச் சுவரில் சாய்த்து, வாய்க்குக் கிட்ட மைக்கை வைத்து எடுப்பேன். எனக்குக் கிடைத்த மிகச் சுத்தமான பதிவுகள் 2022இன் மின்வெட்டுக் காலத்தில் எடுத்தவை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமற் போனது. சனம் பட்ட பாட்டை மறந்து இதைச் சொல்லவில்லை. பேன் இல்லை, பிரிட்ஜ் இல்லை, கம்பியில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் முனகல் இல்லை. பெட்டரியில் ஓடும் சின்னப் பதிவுக் கருவியோடு போனால், இருட்டில் வியர்வை வழிய இருந்து பாடிய குரல்கள் அப்படியே வந்து விழுந்தன.

தாளத்துக்குக் கடையில் வாங்கும் ஒலித் துண்டுகளை நான் சேர்ப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய துண்டை என் பாட்டில் பயன்படுத்தும் உரிமை எனக்கு உண்டு, அதைத் தனித் தடமாகப் பிரித்து ஊருக்குக் கொடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. ஆகவே றபானும் கைத்தட்டும் பொல்லுச் சத்தமும் எல்லாம் எங்கள் கையால் அடித்தவை. நாலு நிமிடப் பாட்டில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒற்றைத் தடம் ஒன்று 35 மெகாபைட் அளவில் வரும். எட்டுத் தடம் என்றால் 280. டேட்டா போட்டு இறக்குகிற பொடியனுக்கு அது பாரம். ஃபிளாக் கோப்பாகச் சுருக்கினால் பெரும்பாலும் பாதிக்குக் கிட்ட வரும், ஒலியில் ஒன்றும் குறையாது. கேட்பதற்கு மட்டும் வேண்டுமென்றால் 4 மெகாபைட் எம்பி3 போதும். எல்லாத் தடங்களும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும், தாள வேகத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும், உரிமத்தைத் தனிக் குறிப்பாக உள்ளே வைக்க வேண்டும். இந்தச் சின்ன வேலைகளைச் செய்யாமல் விட்ட பாட்டு திறந்திருந்தும் யாருக்கும் உதவாது.

ஆனால் கோப்பின் பெயர் நிற்பதில்லை. எங்கள் ஊரில் பாட்டு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. இரண்டு கை மாறுவதற்குள் பெயர் போய், திகதியும் ஓர் எண்ணும் மட்டும் மிஞ்சும். உரிமத்தின் முதல் நிபந்தனை பெயர்தான், அதுவே முதலில் விழுகிறது. ஆகவே பாட்டுக்குள்ளேயே பெயரை வைக்கத் தொடங்கினேன். கடைசியில் சில நொடிகள் ஒரு குரல் பாட்டின் பெயரையும், ஊரையும், யார் பாடியது, எடுத்துப் பாடலாம் என்பதையும் சொல்லும். இது புதிய யோசனை ஒன்றுமல்ல. முத்துசாமி தீட்சிதர் ‘குருகுஹ’ என்று கீர்த்தனைக்குள் முத்திரை வைத்தார், தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். அச்சுப் பரவாத, ஒலிப்பதிவே இல்லாத காலத்தில் ஏடு மாறினாலும் பாடுகிற வாயோடு பெயரும் போனது. சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் தன்னை ஆதரித்த அபுல் காசிமைப் பாட்டுக்குள்ளேயே வாழ்த்தி வைத்தார். முந்நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தக் கொடையாளியை நாம் அறிகிறோம். வீடியோப் பொடியன்மார் சிலர் இந்தக் கடைசி நொடிகளை வெட்டிவிடுவார்கள். அவர்களிடம் நேரே சொல்வேன், வெட்டினால் வீடியோவின் கீழே எழுத்தில் போடுங்கள், அதுவும் பெயர்தான். பெரும்பாலும் போடுகிறார்கள்.

வணிகம் கூடாது என்ற நிபந்தனையை ஏன் எல்லாவற்றுக்கும் போடவில்லை என்று கூட வாசிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. கல்யாண வீடியோ எடுப்பவர் கூலிக்குத்தான் எடுக்கிறார். ரியூஷன் வகுப்பு நடத்துபவர் கட்டணம் வாங்குகிறார். கடை அறிவிப்பு ஓட்டோவில் போகிறது. இவற்றில் எது வணிகம், எது இல்லை என்று நான் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தால், முன்கூட்டியே அனுமதி என்பதற்கு அர்த்தமில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டால் வேறு பிரச்சினை வரும் என்பதும் எனக்குத் தெரியும், வந்தது. ஒரு தேர்தலில் என் மெட்டு ஒன்றுக்கு வரிகள் மாற்றி ஒரு தரப்பு வாகனத்தில் போட்டது. சில நாளில் எதிர்த் தரப்பும் அதே மெட்டுக்கு வேறு வரிகள் போட்டது. நான் எந்தக் கட்சி என்று வீட்டுக்கு வந்து கேட்டார்கள். மெட்டை எடுத்தவருக்கு என் ஆதரவு உண்டு என்று காட்டிக்கொள்ள உரிமம் இடம் தருவதில்லை என்பதை இரண்டு தரப்புக்கும் தாளோடு காட்டினேன். இரு தரப்பும் பெயர் போட்டு, ‘மெட்டு மட்டும்’ என்று குறிப்பிட்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. என் மெட்டு எனக்குப் பிடிக்காத வாயிலும் பாடப்படும் என்பதை ஏற்றுக்கொள்ளாதவர் இந்த உரிமத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.

வலித்தது வேறொன்று. நான் திறந்துவிட்ட றபான் தடத்தை யாரோ எடுத்துத் தன் பாட்டில் சேர்த்து, ஒரு விநியோக நிறுவனம் மூலம் வீடியோத் தளத்தின் தானியங்கி அடையாளப் பட்டியலில் பதிந்துவிட்டார். அதன் பிறகு என் பாட்டைப் போட்ட கல்யாண வீடியோக்களுக்கே உரிமைக் கோரிக்கை வரத் தொடங்கியது. யாருடைய வழக்குக்கும் பயப்படாமல் போடலாம் என்று நான் சொன்ன பொடியன்மார் என் வாசலில் வந்து நின்றார்கள். இயந்திரத்துக்கு யார் முதலில் பதிந்தார் என்பதுதான் தெரியும், யார் முதலில் அடித்தார் என்பது தெரியாது. காப்பகத்தில் என் கோப்பு ஏறிய திகதி, உரிமப் பக்கம், மூலத் தடம் எல்லாவற்றையும் காட்டி ஒவ்வொரு வீடியோவுக்கும் ஆட்சேபம் எழுதினோம். கோரிக்கைகள் விலகின. அன்று முதல் எந்தப் பாட்டையும் காப்பகத்தில் ஏற்றித் திகதி விழுந்த பிறகே வேறெங்கும் கொடுக்கிறேன், ஆட்சேபக் கடிதத்தின் மாதிரி ஒன்றையும் பாட்டோடு சேர்த்து வைக்கிறேன்.

பணம் பற்றிப் பேசாமல் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. நான் தொடங்கிய காலத்தில் இலங்கையில் இருந்து பேபாலில் பணம் அனுப்ப முடிந்தது, வாங்க முடியவில்லை. வெளிநாட்டுத் தளங்களில் பாட்டை விலைக்கு வைத்தாலும் அந்த வழியாகக் காசு கைக்கு வராது என்ற நிலை அப்போது இருந்தது. விற்க முடியாததால் கொடுத்தேன் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆனால் விற்பனைக் கனவில் காலத்தை வீணாக்காமல் இருக்க அது உதவியது. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் என்ற அமெரிக்க இசைக் குழு 2008 மார்ச்சில் 36 துண்டுகள் கொண்ட தொகுப்பைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டது. முதல் ஒன்பதை யாரும் இலவசமாக எடுக்கலாம். 300 டொலர் விலையில் 2,500 சிறப்புப் பெட்டிகள் செய்தார்கள், அத்தனையும் விற்றன. அமேசானில் அந்த ஆண்டு அதிகம் விற்ற எம்பி3 தொகுப்பும் அதுவே. நல்ல கதைதான், ஆனால் இருபது ஆண்டு ரசிகர் கூட்டத்தை முதுகில் வைத்திருந்தவர் செய்தது, கல்முனைக்குப் பொருந்தாது. இணையத்தில் பின்னணி இசை வெளியிடும் கெவின் மெக்லியோட் செய்வது எனக்கு நெருக்கமானது. பெயர் போடுகிறவர்களுக்கு இலவசம், பெயர் போட முடியாதவர்கள் காசு கட்டி வேறு உரிமம் வாங்கலாம். எங்கள் ஊர்க் கடை விளம்பரங்களில் பாட்டுக்காரன் பெயரைச் சொல்ல நேரமில்லை, அவர்கள் எனக்கு ஒரு தொகை தருகிறார்கள். பியானோக் கலைஞர் கிமிகோ இஷிசாக்கா, ரசிகர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டி பாஹின் கோல்ட்பெர்க் இசையைப் பதிவு செய்து 2012இல் எல்லா உரிமையும் விட்டு வெளியிட்டார். பாடு முன்னே, காசு பின்னே என்பதை அவர் மாற்றிப் போட்டார். கட்டாரிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது ஒரு பதிவுக்கான செலவை முன்னமே சேர்த்துத் தருகிறார்கள். பாடியவர்களுக்குக் கூலி கொடுக்கிறேன், பதிவு எல்லோருக்கும் போகிறது. கொடுத்தவர்கள் விரும்பினால் கடைசிக் குரலில் அவர்கள் பெயரும் வரும். மிச்சம் என் வருமானம் பள்ளிக்கூடப் போட்டிகளுக்குப் பாட்டு அமைப்பதிலும் ஹார்மோனியம் சொல்லிக் கொடுப்பதிலும் வருகிறது. திறந்துவிட்ட பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் அந்த ஆசிரியர்கள் வருகிறார்கள்.

ஒரு பாட்டை எல்லோருக்கும் திறப்பது தமிழுக்குப் புதிதல்ல. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் பில்ஹணன் படம் 1948இல் வந்தபோது அந்த உரிமை பற்றி வழக்கு எழுந்தது. தேசத்தின் கவிஞர் ஒருவருக்குச் சொந்தமா என்று எழுத்தாளர்கள் குரல் எழுப்பினார்கள். 1949இல் மெய்யப்பர் காசு வாங்காமல் உரிமையைச் சென்னை அரசுக்குக் கொடுத்தார். பாரதி இறந்து 28 ஆண்டு கழித்துத்தான் அது நடந்தது. அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை, உயிரோடு இருக்கும்போதே பாட்டுக்காரன் தானே செய்யலாம் என்பதுதான் இன்றைக்குள்ள வித்தியாசம்.

காரைதீவு எங்கள் பக்கத்து ஊர். 1892இல் அங்கே பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் இசை பற்றிய யாழ் நூலை 1947இல் அரங்கேற்றினார், அதே ஆண்டில் மறைந்தார். எப்படிக் கணக்கிட்டாலும் 2017உடன் அதன் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அதில் அவர் கணித்த பாலைகள் என்ற சுர வரிசைகளை ஹார்மோனியத்தின் நிலையான சுருதியில் வைத்துப் பார்க்க முடியாது. சுருதியைத் தனித்தனியே திருத்தக்கூடிய மென்பொருளில் போட்டு, எங்கள் கவி மெட்டுகள் அவற்றில் எதற்குக் கிட்ட நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சில மெட்டுகளில் மூன்றாம் சுரம் ஹார்மோனியக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் நிற்பதை என் காது முன்பே சொல்லியிருந்தது, இப்போது அளந்து காட்ட முடிகிறது. வேலை இன்னும் முடியவில்லை. அதற்கிடையில் றபானின் ஒவ்வொரு தட்டையும், பொல்லு பொல்லில் படும் சத்தத்தையும், கைத்தட்டையும் தனித்தனித் துண்டுகளாக எடுத்து வைத்திருக்கிறேன். இவற்றுக்குப் பெயர் போடும் நிபந்தனைகூட இல்லை, முழுவதும் விட்டுவிட்டேன். போனில் பாட்டு அமைத்துப் பழகும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதுவரை வெளிநாட்டு டிரம் சத்தங்களை வைத்துத்தான் செய்கிறார்கள். இனி பொத்துவிலில் இருக்கும் பிள்ளையும் தன் ஊர்ச் சத்தத்தில் தாளம் போடலாம். போட்டதை எனக்கு அனுப்பினால் கேட்பேன், அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.